மார்பில் ஒன்று, விரலில் ஒன்று, அக்குளில் ஒன்று: உடம்பில் கட்டும் சென்சர் வலை

இன்ஜினியரிங் கல்லூரிகளின் இறுதியாண்டு புராஜெக்ட் பட்டியலில் 'ஐஓடி (இணையத்தில் இணைந்த கருவிகள்) முறையில் நோயாளி கண்காணிப்பு' என்று ஒன்று வருடம் தவறாமல் இருக்கும். வைஃபை உள்ள ஒரு ஈஎஸ்பி32 போர்டு, ஒரு பல்ஸ் சென்சர், திங்ஸ்பீக் என்ற கிளவுட் தளத்தில் ஒரு வரைபடம். வைவா நடக்கும் பத்து நிமிடம் விரலை அசைக்காமல் வைத்திருந்தால் 72, 74, 73 என்று எண் ஓடும், மதிப்பெண்ணும் விழுந்துவிடும். அதே பெட்டியை ஒருவர் கையில் கட்டி மாடிப்படி ஏறச் சொல்லிப் பாருங்கள். 72 என்பது 140 ஆகும், பிறகு 38 ஆகும், பிறகு பூஜ்யம். நாடி எங்கும் போய்விடவில்லை. சென்சர் தோலை விட்டு அரை மில்லிமீட்டர் நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த வேலையில் ஆளைத் திணறடிக்கும் இடம் அந்த அரை மில்லிமீட்டர்தான். கிளவுட், ஆப், டாஷ்போர்டு எல்லாம் அதற்கு அப்புறம். ஒவ்வோர் எண்ணோடும் 'இதை நம்பலாம், இதை நம்பாதே' என்ற குறிப்பையும் சேர்த்து அனுப்பாத வலையை வார்டில் யாரும் இரண்டாம் நாள் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கீழே உள்ள பாகங்கள், அளவுகள், கோளாறுகள் எல்லாவற்றையும் அந்தக் கண்ணோடு படிக்கவும்.

எடுத்துக்கொள்வது மூன்று நோடு (உடம்பில் கட்டும் சின்ன சென்சர் பெட்டி) உள்ள வலை. மார்பில் ஈசிஜி எடுக்க ஏடி8232 சிப். விரலில் நாடித் துடிப்புக்கும் ஆக்சிஜன் அளவுக்கும் மேக்ஸ்30102. அக்குளில் வெப்பநிலைக்கு மேக்ஸ்30205. ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன என்ஆர்எஃப்52840 போர்டு, 120 மில்லிஆம்பியர்-மணி லித்தியம் பாலிமர் பேட்டரி. மூன்றும் புளூடூத் லோ எனர்ஜி வழியே ஒரு ஆண்ட்ராய்டு போனுக்கோ ராஸ்ப்பெர்ரி பைக்கோ பேசும். விரல் நோடில் கூடுதலாக எல்ஐஎஸ்3டிஹெச் அசைவு சென்சர் ஒன்று. அது எதற்கு என்று பிறகு வருகிறது.

ஈஎஸ்பி32 ஏன் வேண்டாம்

விலை குறைவு, எங்கும் கிடைக்கும், எல்லோருக்கும் பழக்கம். எல்லாம் சரி. ஆனால் வைஃபையில் அனுப்பும் நொடியில் அது 240 மில்லிஆம்பியர் வரை இழுக்கும். வைஃபையைத் தூங்கவிடாமல் ஓட்டினால் சராசரியே 100 மில்லிஆம்பியரை ஒட்டி நிற்கும். அதாவது நம் பேட்டரி ஏறக்குறைய ஒரு மணி நேரம். இன்னொரு தொல்லையும் உண்டு. அந்த மின்னோட்டக் குதிப்பு 3.3 வோல்ட் கோட்டை ஆட்டும், ஆட்டம் ஈசிஜி அலையில் முள் முள்ளாகத் தெரியும். அதை இதயத்தின் கோளாறு என்று நினைத்து ஃபில்ட்டர் மேல் ஃபில்ட்டர் போடுபவர்கள் உண்டு. போதாக்குறைக்கு, மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஏடிசி உறுப்புகள் அதில் இரண்டு, வைஃபை ஓடும்போது ஏடிசி2 பின்கள் வேலை செய்யாது. ஈஎஸ்பி32தான் கையில் இருக்கிறது என்றால் ஈசிஜியை 32 முதல் 39 வரையிலான ஏடிசி1 பின்களில் மட்டும் கொடுங்கள், வைஃபையை அணைத்துவிட்டு புளூடூத்தில் அனுப்புங்கள்.

என்ஆர்எஃப்52840 அனுப்பும்போது இழுப்பது 5 மில்லிஆம்பியர் அளவு, அதுவும் பேசும் சில மில்லிநொடிகளுக்கு மட்டும். சீட் ஸ்டுடியோவின் ஷியாவ் போர்டில் இந்த சிப்பும், 50 மில்லிஆம்பியரில் சார்ஜ் செய்யும் சர்க்யூட்டும், 2 மெகாபைட் ஃபிளாஷும் சேர்ந்தே வருகின்றன. கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியது.

மார்பு

ஏடி8232 தானே இழுப்பது 170 மைக்ரோஆம்பியர்தான். ஈசிஜியின் உயரமான முள், அதாவது ஆர் அலை, தோலில் ஏறக்குறைய 1 மில்லிவோல்ட் இருக்கும். கடையில் கிடைக்கும் போர்டுகளில் பெருக்கம் 1100 மடங்கு. ஆகவே வெளியே 1.65 வோல்ட்டை நடுக்கோடாக வைத்து 1.1 வோல்ட் அளவில் முள் வரவேண்டும். வரவில்லையென்றால் முதலில் எலக்ட்ரோடைச் சந்தேகப்படுங்கள், புரோகிராம் கோடை அப்புறம்.

எலக்ட்ரோடு ஒட்டுவதற்கு முன் சோப்புத் தண்ணீரில் துடைத்து, நன்றாக உலர்த்தி, சொரசொரப்பான துணியால் லேசாக இரண்டு தேய். முடி இருந்தால் கத்தரித்துவிட வேண்டும். ஜெல் காய்ந்த பழைய எலக்ட்ரோடு கோளாறுகளில் பாதிக்குக் காரணம். பாக்கெட்டைப் பிரித்தபின் மீதியை ஜிப் கவரில் போட்டு மூடி வையுங்கள். வலது காறையெலும்புக்குக் கீழே ஒன்று, இடது காறையெலும்புக்குக் கீழே ஒன்று, வலது விலா எலும்பு முடியும் இடத்தில் மூன்றாவது. தசை அதிகம் அசையும் தோள்பக்கம் போக வேண்டாம். வயரின் நிறத்தை நம்பாதீர்கள். மாட்யூலுக்கு மாட்யூல் மாறும். ஜாக்கின் எந்த வளையத்துக்கு எந்த வயர் என்று மல்டிமீட்டரால் பார்த்து, மாஸ்க்கிங் டேப்பில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். இடதும் வலதும் மாறினால் முள் தலைகீழாக வரும்.

சாம்பிள் வேகம், அதாவது அலையை அளக்கும் தடவை, நொடிக்கு 250 போதும். ஆனால் அது நிஜமாகவே 250 ஆக இருக்க வேண்டும். லூப்பில் 4 மில்லிநொடி டிலே போட்டு எடுத்தால், மற்ற வேலைகளுக்கான நேரமும் சேர்ந்து 230க்கு இறங்கிவிடும். டைமர் இன்டரப்டில் (சிப்பின் கடிகாரமே சரியான நேரத்தில் தட்டியெழுப்பும் முறை) எடுங்கள். இதில் ஏன் இவ்வளவு கறார் என்றால், நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 250 ஹெர்ட்ஸில் எடுத்த சாம்பிள்களை ஐந்தைந்தாக நகரும் சராசரி எடுத்தால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் சுத்தமாக மறைந்துவிடும், ஏனென்றால் ஐந்து சாம்பிள் என்பது சரியாக ஒரு முழு அலை. ஒரு கூட்டல், ஒரு வகுத்தல், வேறு ஃபில்ட்டரே தேவையில்லை. வேகம் 230க்கு இறங்கினால் மறையும் இடமும் 46 ஹெர்ட்ஸுக்கு நகர்ந்துவிடும், இரைச்சல் குறையுமே தவிர முழுசாக மறையாது. அமெரிக்காவில் எழுதிய கோடை அப்படியே எடுத்துப் போடுபவர்கள் கவனிக்க வேண்டும்: அதில் உள்ள நாட்ச் ஃபில்ட்டர் (ஒரே ஒரு அதிர்வெண்ணை வெட்டுவது) 60 ஹெர்ட்ஸுக்கு எழுதியது, இங்கே அது எதையும் வெட்டாது. ஒரு எச்சரிக்கை: இந்தச் சராசரி முள்ளின் கூர்மையையும் கொஞ்சம் மழுங்கடிக்கும். துடிப்பை எண்ண இது போதும், அலையின் வடிவத்தைப் பார்த்து நோய் சொல்ல உதவாது.

துடிப்பைக் கண்டுபிடிக்க 1985இல் பான், டாம்ப்கின்ஸ் இருவரும் வெளியிட்ட முறையே இன்றும் கைகொடுக்கிறது. 5 முதல் 15 ஹெர்ட்ஸ் வரை மட்டும் விட்டு, சரிவு எடுத்து, வர்க்கமாக்கி, 150 மில்லிநொடி ஜன்னலில் கூட்டு. ஒரு முள் வந்தபின் 200 மில்லிநொடிக்கு அடுத்ததைத் தேடாதே. எழுதிய கோடை மனித உடம்பில் சோதிப்பதற்கு முன் எம்ஐடி-பிஐஹெச் என்ற ஈசிஜி பதிவுத் தொகுப்பில் ஓட்டிப் பாருங்கள். 47 பேரிடம் எடுத்த 48 பதிவுகள், ஒவ்வொன்றும் அரை மணி நேரம், நொடிக்கு 360 சாம்பிள். ஒழுங்கில்லாத துடிப்புகள் அதில் ஏராளம். நம் சொந்த மார்பில் அவை கிடைக்காது, கிடைக்கவும் வேண்டாம்.

விரல்: எல்லோரும் சறுக்கும் இடம்

மேக்ஸ்30102 சிவப்பு (660 நானோமீட்டர்), அகச்சிவப்பு (880 நானோமீட்டர்) என்று இரண்டு விளக்குகளை மாற்றி மாற்றி எரித்து, திரும்பி வரும் ஒளியை 18 பிட்டில் அளக்கும். புராசசர் அதை அழைக்கும் முகவரி ஹெக்ஸ் (பதினாறடி எண்முறை) 57. ரெஜிஸ்டர் (சிப்பின் உள்ளே உள்ள நினைவிடம்) ஹெக்ஸ் எஃப்எஃப்பைப் படித்தால் ஹெக்ஸ் 15 வரவேண்டும். வரவில்லையா? மலிவான மாட்யூல்களில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. தகவல் கோடுகளின் மின்னழுத்தத்தை மேலே இழுத்து வைக்கும் புல்-அப் ரெசிஸ்டர்களை 1.8 வோல்ட்டில் கட்டிவிடுகிறார்கள். 3.3 வோல்ட்டில் ஓடும் என்ஆர்எஃப் சிப், 2.31 வோல்ட்டைத் தாண்டினால்தான் அதை 1 என்று எடுத்துக்கொள்ளும். கோடு 1.8க்கு மேல் எழாததால் சிப்புக்கு எப்போதும் பூஜ்யம்தான் தெரியும். சில மாட்யூல்களில் பின்பக்கம் 1.8, 3.3 என்று மூன்று புள்ளி ஜம்பர் இருக்கும். சால்டரை 3.3 பக்கம் மாற்றினால் தீர்ந்தது. ஜம்பர் இல்லாதவற்றில் அந்த ரெசிஸ்டர்களைக் கழற்றிவிட்டு, வெளியே 4.7 கிலோ-ஓம் இரண்டை 3.3 வோல்ட்டில் கட்டவேண்டும். கோளாறு இதுதானா என்று அறிய மல்டிமீட்டரே போதும்: சும்மா இருக்கும் கோட்டில் எத்தனை வோல்ட் என்று பாருங்கள்.

அமைப்பு இப்படி: ரெஜிஸ்டர் 09இல் 03, 0ஏயில் 27, 0சியிலும் 0டியிலும் 20, 08இல் 1எஃப். எல்லாம் ஹெக்ஸ். அதாவது நொடிக்கு 100 சாம்பிள், 411 மைக்ரோநொடி ஒளித்துடிப்பு, விளக்குக்கு 6.4 மில்லிஆம்பியர், 17 சாம்பிள் சேர்ந்ததும் இன்டரப்ட். சிப்பின் உள்ளே 32 சாம்பிளுக்குத்தான் இடம், 320 மில்லிநொடி. அதற்குள் வந்து எடுக்காவிட்டால் பழையதன் மேல் புதியது எழுதும், எந்தப் பிழையும் காட்டாது. அலையில் காரணமில்லாத வெட்டு தெரிந்தால் இதைப் பாருங்கள். 17 சாம்பிள் என்பது 102 பைட். பல போர்டுகளில், சென்சரோடு பேசும் வயர் லைப்ரரியின் பஃபர் (தற்காலிகச் சேமிப்பு) 32 பைட்தான், ஒரே மூச்சில் கேட்டால் மீதி வராது. ஐந்து சாம்பிள், 30 பைட் என்று பிரித்துப் படியுங்கள்.

இப்போது எண்ணைப் பார்ப்போம். விரல் வைத்ததும் அகச்சிவப்பு எண்ணிக்கை 1,00,000க்கு அருகில் நிற்கிறது. அதன்மேல் ஒவ்வொரு துடிப்புக்கும் 1,000 ஏறி இறங்குகிறது. ஒரு சதவீதம். சிவப்பு 90,000இல் நின்று 500 ஆடுகிறது. 0.556 சதவீதம். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் ஆர் = 0.556. பரவலாகப் புழங்கும் தோராயச் சூத்திரம் 110 − 25 × ஆர். விடை 96.1 சதவீதம். சரி.

இதே விரல், இதே ஆள், ஆனால் மாட்யூலில் சிவப்பும் அகச்சிவப்பும் இடம் மாறி வந்திருக்கிறது என்று வையுங்கள். சில நகல் மாட்யூல்களில் அப்படி வரும். ஆர் தலைகீழாகி 1.8 ஆகும், விடை 65. ஆளோ எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார். சோதனை சுலபம்: சிவப்பு விளக்கின் மின்னோட்டத்தைப் பூஜ்யமாக்கி, எந்த எண்ணிக்கை விழுகிறது என்று பார்த்தால் எது எது என்று தெரிந்துவிடும்.

அந்தச் சூத்திரமே ஒரு தோராயக் கோடுதான். நிஜ ஆக்சிமீட்டரை, தன்னார்வலர்களின் ஆக்சிஜனைப் படிப்படியாகக் குறைத்து, தமனி ரத்தத்தைப் பரிசோதித்து அளவு திருத்துகிறார்கள். ஐஎஸ்ஓ 80601-2-61 தரம் 70 முதல் 100 சதவீதம் வரையிலான வீச்சில் பிழை 4 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது. கையில் கட்டிய சர்க்யூட்டுக்கு அந்தத் திருத்தம் எதுவும் நடக்கவில்லை. ஆகவே 'குறைகிறதா, கூடுகிறதா' என்று போக்கைப் பார்க்கலாம். '91 காட்டுகிறது, ஆஸ்பத்திரி வேண்டாம்' என்று முடிவெடுக்கக் கூடாது. இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் மருந்துச் சட்டத்தின் கீழ் வருகின்றன என்பதையும், விற்கும் யோசனை உள்ளவர்கள் நினைவில் வைக்கவும்.

தோல் நிறமும் இதில் புகுந்து விளையாடும். 2020இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த அமெரிக்க ஆய்வில், ஆக்சிமீட்டர் 92 முதல் 96 காட்டியபோது தமனி ரத்தத்தில் உண்மையான அளவு 88க்குக் கீழே இருந்தது கறுப்பின நோயாளிகளிடம் 11.7 சதவீத அளவீடுகளில், வெள்ளையரிடம் 3.6 சதவீதத்தில். ஆஸ்பத்திரிக் கருவிக்கே அந்த நிலை. மாநிற, கருநிறத் தோலுக்கு நாம் கட்டும் கருவி கூடுதலாகக் காட்டும் வாய்ப்பை மனதில் வைத்தே பார்க்க வேண்டும். கறுப்புச் சாய மருதாணியும் அடர்ந்த நெயில் பாலிஷும் வேறு ஒளியை மறைக்கும். அப்படிப்பட்ட விரலை விட்டு வேறு விரலுக்குப் போய்விடலாம்.

அழுத்தம். இதுதான் கையாலேயே பழக வேண்டியது. இறுக்கிக் கட்டினால் நுண்குழாய்களில் ரத்தம் வெளியேறி, நிலை எண்ணிக்கை அப்படியே நிற்க ஆட்டம் மட்டும் தேய்ந்துபோகும். தளர்ந்தால் ஒவ்வோர் அசைவும் ஒரு துடிப்பாகத் தெரியும். விரலைச் சுற்றி மென்மையான கருப்பு ஃபோம், அதன்மேல் வெல்க்ரோ. ஆட்டத்தின் சதவீதத்தைத் திரையில் பார்த்துக்கொண்டே வெல்க்ரோவை இழுத்து, அதிகபட்சம் வரும் இடத்தில் நிறுத்துங்கள். கருப்பு ஃபோமுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுங்கும். நாம் எடுப்பதும் நொடிக்கு 100 சாம்பிள். இரண்டும் ஒன்றோடொன்று உரசி, சாம்பிளில் மெல்ல ஏறி இறங்கும் பொய் அலையாகப் படியும். சிப்பிலேயே வெளிச்சத்தைக் கழிக்கும் வசதி இருந்தாலும், நேரே விழும் விளக்கொளியை முழுசாகக் கழிக்காது. மூடிவிடுவதே மேல்.

துடிப்பு இரட்டிப்பாக வருகிறதென்றால், ஒவ்வோர் அலையிலும் பின்னால் வரும் சின்ன மேட்டையும் துடிப்பாக எண்ணுகிறீர்கள். ஒரு துடிப்புக்குப் பின் 300 மில்லிநொடி காத்திருக்கச் சொன்னால் நிற்கும். கச்சா எண்ணிக்கையில் துடிப்பின்போது அலை கீழே இறங்கும் என்பதும் பலரைக் குழப்புகிறது. ரத்தம் கூடினால் ஒளி அதிகம் உறிஞ்சப்பட்டுத் திரும்புவது குறைகிறது. அது கோளாறு இல்லை.

இருப்பதிலேயே மோசமான தவறு, நடக்கும்போது வருவது. நிமிடத்துக்கு 110 அடி வைத்து நடக்கும் ஒருவரின் விரல் அலையில் பலமான அதிர்வெண் அடிகளுடையதுதான். புரோகிராம் அதைப் பிடித்துக்கொண்டு 110, 110, 111 என்று அழகான எண்ணைக் கொடுக்கும். நிஜத் துடிப்பு 92 ஆக இருக்கும். எண் தடுமாறினாலாவது சந்தேகம் வரும், இது தடுமாறவே தடுமாறாது. அசைவு சென்சர் வைத்தது இதற்காகத்தான். அதன் முக்கிய அதிர்வெண்ணும் நாடியின் அதிர்வெண்ணும் நிமிடத்துக்கு ஐந்துக்குள் ஒட்டி வந்தால், அந்த எண்ணை 'சந்தேகம்' என்று குறித்து அனுப்ப வேண்டும்.

அக்குளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மேக்ஸ்30205, 37 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரை 0.1 டிகிரி துல்லியம். 256ஆல் வகுத்தால் டிகிரி, 9472 வந்தால் 37. டிஎஸ்18பி20 மலிவுதான், ஆனால் அதன் பிழையே அரை டிகிரி, காய்ச்சலுக்கு அது ஆகாது. கையை ஒட்டி வைத்துச் சில நிமிடம் கழித்துத்தான் எண் நிலைக்கும். நிமிடத்துக்கு ஒரு தடவை படித்தால் போதும். புராசசர் அருகே வைத்தால் அதன் சூட்டையும் சேர்த்துக் காட்டும், 5 சென்டிமீட்டராவது தள்ளி வையுங்கள்.

காற்றில் போகும் பாதை

உடம்பில் கட்டும் வலைக்கென்றே ஐஇஇஇ 802.15.6 என்று ஒரு தரம் 2012இல் வந்தது. ஒரு மையத்தோடு 64 நோடு, எட்டு முன்னுரிமை நிலைகள் என்று காகிதத்தில் அருமையாக இருக்கும். கடையில் வாங்கும் போர்டிலும் கையில் உள்ள போனிலும் அது கிடையாது. ஆகவே புளூடூத்.

மனித உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் குடித்துவிடும். மார்பில் நோடும் பின்பாக்கெட்டில் போனும் இருந்தால் சிக்னல் 20 டெசிபெல் அளவுக்கு விழலாம், அதாவது நூறில் ஒரு பங்கு. ஆன்டெனா தோலைப் பார்த்து இருந்தாலும் இதே கதி. ஆன்டெனா வெளிப்பக்கம் பார்க்கட்டும், தோலுக்கும் போர்டுக்கும் நடுவே 5 மில்லிமீட்டர் ஃபோம் இருக்கட்டும், பேட்டரியை ஆன்டெனாவின் பின்னால் ஒட்டாதீர்கள்.

தகவல் அளவு: ஈசிஜி நொடிக்கு 500 பைட், விரல் 600, அசைவு 50 ஹெர்ட்ஸில் 300. மொத்தம் 1,400 பைட். புளூடூத்துக்கு இது சுமையே இல்லை. திங்ஸ்பீக்கின் இலவசக் கணக்கோ 15 நொடிக்கு ஒரு பதிவைத்தான் ஏற்கும். அந்த 15 நொடியில் 3,750 ஈசிஜி சாம்பிள் கடந்துபோயிருக்கும். ஆகவே அலையைப் போனோடு நிறுத்தி, துடிப்பு எண்ணை மட்டும் கிளவுடுக்கு அனுப்புங்கள்.

பாக்கெட்டின் தலையில் 8 பைட்: நோடு எண்ணுக்கு 1, வரிசை எண்ணுக்கு 2, நோடின் கடிகார மில்லிநொடிக்கு 4, தரக்குறிப்புக்கு 1. அதன்பின் 100 ஈசிஜி சாம்பிள், 200 பைட். ஆக 208, நொடிக்கு இரண்டரை பாக்கெட். எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, 247 என்று பேசி முடித்தால் 244 பைட் வரை போகும். ஆனால் ஆண்ட்ராய்டு ஆப்பில் அதை நாமே கேட்க வேண்டும். கேட்க மறந்தால் இயல்பு அளவு 23, அதில் நமக்குக் கிடைப்பது 20 பைட். மீதி சத்தமில்லாமல் வெட்டுப்படும். 'முதல் ஆறு சாம்பிள் மட்டும் வருகிறது, சென்சர் பழுது' என்று மாட்யூலை மாற்றிப் பார்ப்பதெல்லாம் இதனால்தான்.

நேரத்தைப் போனில் பதியாதீர்கள். புளூடூத்தில் பாக்கெட்டுகள் கொத்தாக வந்து இறங்கும், வந்த நேரத்துக்கும் எடுத்த நேரத்துக்கும் சம்பந்தம் இருக்காது. நோடின் கடிகாரத்தையே நம்பலாம், ஆனால் மூன்று நோடுக்கு மூன்று கடிகாரம். ஒரு கிரிஸ்டல் பத்து லட்சத்தில் 20 பங்கு வேகமாகவும் இன்னொன்று 20 பங்கு மெதுவாகவும் ஓடினால், ஒரு மணி நேரத்தில் 144 மில்லிநொடி விலகிவிடும். மார்பில் முள் எழுந்து விரலில் அலை வருவதற்கே கால் நொடிக்கு அருகில்தான் ஆகும். அந்த இடைவெளியை வைத்து ரத்த அழுத்தத்தைக் கணிக்கப் போகிறவர்கள், இரண்டு கடிகாரத்தின் விலகலை ரத்த அழுத்தம் ஏறுகிறது என்று எழுதிவிடுவார்கள். 30 நொடிக்கு ஒரு தடவை மையம் எல்லா நோடுக்கும் நேரம் சொன்னால் விலகல் 1.2 மில்லிநொடிக்குள் நிற்கும். துடிப்பு எண் மட்டும் போதுமென்றால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை தாராளம்.

பொதுவான ஆப்களோடும் பேச வேண்டுமானால் புளூடூத்தின் ஹார்ட் ரேட் சர்வீஸை, 180டி, அதில் 2ஏ37ஐப் பயன்படுத்துங்கள். அதில் துடிப்புக்கு இடையிலான நேரம் மில்லிநொடியில் இல்லை, நொடியின் 1024இல் ஒரு பங்கில். 800 மில்லிநொடி 819 என்று போகும். அதை மில்லிநொடி என்று படித்தால் 75 துடிப்பு 73 ஆகிவிடும்.

தொடர்பு அறுந்தால் நோடு சேமித்து வைக்க வேண்டும். 2 மெகாபைட் ஃபிளாஷில் ஈசிஜி ஏறக்குறைய 70 நிமிடம் தங்கும். இன்னொன்று, இணைப்புக்குக் காத்திருக்கும்போது நோடு தன் பெயரைக் காற்றில் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தப் பெயரில் நோயாளியின் பெயரையோ படுக்கை எண்ணையோ போடாதீர்கள்.

தரக்குறிப்பு பைட்

முதல் பிட், தொடர்பு உண்டா: ஏடி8232இன் லீட்-ஆஃப் பின்கள் எலக்ட்ரோடு கழன்றதைச் சொல்லும், விரலில் அகச்சிவப்பு எண்ணிக்கை 50,000க்குக் கீழே போனால் விரல் இல்லை. இரண்டாவது, நிரம்பி வழிகிறதா: எண்ணிக்கை 2,62,143இல் முட்டி நின்றால் விளக்கின் மின்னோட்டத்தைக் குறைக்க வேண்டும். மூன்றாவது அசைவு. நான்காவது, ஆட்டம் 0.2 சதவீதத்துக்குக் கீழா. ஐந்தாவது, நாடி எண் நடையின் அடி எண்ணோடு ஒட்டுகிறதா. மையத்தில் இன்னொரு சோதனை: ஈசிஜி சொல்லும் துடிப்பும் விரல் சொல்லும் துடிப்பும் ஐந்துக்குள் ஒத்துப்போகின்றனவா.

அலாரம் அடிக்க எண் எல்லை தாண்டினால் மட்டும் போதாது. தரம் நன்றாக இருந்து, 10 நொடி நீடித்து, இரண்டு நோடும் ஒத்துக்கொண்டால் அடிக்கட்டும். தரம் கெட்டிருந்தால் சத்தமில்லாமல் 'சென்சரைச் சரிசெய்யவும்' என்று காட்டட்டும். அமெரிக்காவின் ஜாயின்ட் கமிஷன் 2013இல் விட்ட எச்சரிக்கையில், ஆஸ்பத்திரி அலாரங்களில் 85 முதல் 99 சதவீதம் வரை மருத்துவர் தலையிடத் தேவையில்லாதவை என்று மதிப்பிட்டிருந்தது. அடித்துக்கொண்டே இருக்கும் அலாரத்தை நர்ஸ் அணைத்துவிடுவார். அணைத்த பிறகு நம் வலைக்கு அங்கே வேலையில்லை.

பேட்டரி, பாதுகாப்பு

நார்மன் ஹோல்டர் 1940களின் இறுதியில் முதுகில் சுமந்து காட்டிய ரேடியோ ஈசிஜி கருவி ஏறக்குறைய 38 கிலோ. இன்று பேட்டரியின் எடை சில கிராம். ஆபத்து மட்டும் அந்த அளவுக்குச் சுருங்கவில்லை.

விரல் நோடின் கணக்கு: 6.4 மில்லிஆம்பியர், 411 மைக்ரோநொடி, நொடிக்கு 100 தடவை, இரண்டு விளக்கு. சராசரி 0.53 மில்லிஆம்பியர். சிப்புக்கு 0.6. ரேடியோவுக்கும் புராசசருக்கும் 0.7 ஒதுக்கினால் மொத்தம் 1.8. பேட்டரியில் எண்பது சதவீதம் பயன்படும் என்று வைத்தால் 53 மணி நேரம். 400 சாம்பிள் எடுத்து நான்கு நான்காகச் சராசரி போடும் அமைப்பு பலரின் கோடில் இருக்கிறது. இரைச்சல் பாதியாகும், ஆனால் விளக்கு மட்டும் 2.1 மில்லிஆம்பியர் தின்னும். விரலுக்கு அது தேவையில்லை.

டிபி4056 சார்ஜர் மாட்யூல் வாங்கியிருந்தால் அப்படியே இணைக்காதீர்கள். அதில் வரும் 1.2 கிலோ-ஓம் ரெசிஸ்டர் 1 ஆம்பியருக்கு வைத்தது. 120 மில்லிஆம்பியர்-மணி பேட்டரிக்கு அது தாங்கும் அளவைப்போல் எட்டு மடங்கு. பேட்டரி உப்பிவிடும், தீயும் பிடிக்கலாம். 10 கிலோ-ஓம் போட்டால் 130 மில்லிஆம்பியர், இந்த பேட்டரிக்கு அதுவே மேல்வரம்பு. ஷியாவ் போர்டின் 50 மில்லிஆம்பியர் சார்ஜரே இதற்குப் பொருத்தம், மூன்று மணி நேரத்தில் நிரம்பும்.

எலக்ட்ரோடு உடம்பில் இருக்கும்போது யூஎஸ்பி கேபிள் போர்டில் இருக்கக் கூடாது. சார்ஜில் உள்ள லேப்டாப்பின் உலோக மூடியைத் தடவினால் விரல் நுனியில் ஒரு குறுகுறுப்பு தெரியுமே, அந்தக் கசிவு மின்சாரம்தான் கேபிள் வழியே மார்புக்கு வரும். புரோகிராம் ஏற்றும்போது எலக்ட்ரோடைக் கழற்று, எலக்ட்ரோடு ஒட்டும்போது கேபிளைக் கழற்று. அலையைத் திரையில் பார்க்க வேண்டுமா, புளூடூத்தில் பாருங்கள். வழக்கம் தவறக்கூடாதென்றால் யூஎஸ்பி வாயையும் எலக்ட்ரோடு ஜாக்கையும் ஒரே மூடியின் கீழ் வைத்து, ஒன்றைத் திறந்தால் மற்றது மூடும்படி பெட்டி செய்யலாம்.

யார் உடம்பிலும் கட்டுவதற்கு முன் ஒரு சோதனை. விரல் சென்சரை மேசையில் மல்லாக்க வைத்து, மேலே ஒரு வெள்ளைத்தாளை விரல் உயரத்தில் பிடித்து நொடிக்கு ஒரு தடவை மெல்ல ஆட்டுங்கள். திரையில் 60 என்று வந்தால் தரக்குறிப்பு பைட்டை எழுதிய கோடுக்குத் திரும்பிப் போய், நான்காவது பிட்டின் எல்லையையும் தொடர்பு எல்லையையும் மறுபடி பாருங்கள்.